ரங்கூன்காரரின் சாக்கு

என் வயதை ஒத்தவர்களிடம் ஒரு விஷயம் பேச வேண்டும். பேரப்பிள்ளைகள் நம்மிடம் கேட்கிறார்கள்: "அந்தக் காலத்துல தெருவே ஒரு குடும்பம் மாதிரி இருக்குமாமே?" நாமும் ஆமாம் என்று தலையாட்டுகிறோம். நானும் எத்தனையோ முறை ஆட்டியிருக்கிறேன். போன மாதம் பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர் வீட்டுக்கு வந்து, "ஊரோட சேந்து இருக்கிறது எவ்வளவு முக்கியம்னு நீங்க வந்து பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லணும்" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று முழுக்க யோசித்தேன். எனக்கு ஞாபகம் வந்தது ஒரே ஒரு கதைதான். அதைப் பிள்ளைகளிடம் சொல்லலாமா கூடாதா என்று இன்னும் முடிவுக்கு வரமுடியவில்லை. முதலில் உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன். உங்களிடமும் இப்படி ஒன்று இருக்கும், யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பீர்கள் என்பது என் சந்தேகம்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ரங்கூனில் குண்டு விழுந்த வருஷம். பழங்காநத்தம் அப்போது மதுரைக்குள் இல்லை. வயல், கண்மாய், நடுவில் நாலைந்து தெரு. எங்கள் தெருவில் பதினெட்டு வீடுகள். அத்தனை வீட்டுக்காரர்களும் ஏதோ ஒரு முறையில் சொந்தம். அப்பா டவுனில் பஞ்சாலை வேலைக்கு விடியும் முன்னே போய்விடுவார். அடுத்த வீட்டில் அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா. தெருவில் எந்தப் பேச்சும் அவர் செருமினால் நின்றுவிடும். எங்கள் வீட்டுக்கு நேரெதிரே ஒரு வெற்று மனை இருந்தது. அதில் பெரியப்பாவின் வைக்கோல் படப்பு நிற்கும். அது யாருடைய மனை என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. படப்பு நிற்கும் இடம் படப்புக்காரருடையது என்றுதான் எந்தப் பிள்ளையும் நினைக்கும்.

ஒரு வைகாசி மத்தியானம் மூன்று பேர் வந்து அந்தப் படப்புக்கு முன்னால் நின்றார்கள். கட்டம் போட்ட கைலி கட்டிய ஓர் ஆள். கம்பி முறிந்த குடையோடு அவர் மனைவி. தலைமுடியை உச்சியில் கொண்டையாகச் சுருட்டியிருந்தார். என் உயரத்தில் ஒரு பெண்பிள்ளை. மூவர் காலும் வீங்கிக் கிடந்தன. அந்தப் பிள்ளையின் கையில் கறுப்பும் சிவப்புமாக, அரக்குப் பூசிய ஓர் உருண்டைப் பெட்டி இருந்தது. அவ்வளவு பளபளப்பான பொருளை எங்கள் தெருவில் நாங்கள் பார்த்ததே இல்லை. அந்தப் பெட்டியின் மேல் எனக்கு முதல் பார்வையிலேயே ஆசை வந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

பெரியப்பா வெளியே வந்தார். "யாருப்பா நீ? என்ன வேணும்?"

அந்த ஆள் தன் தாத்தா பெயரைச் சொன்னார். அப்பா பெயரையும் சொன்னார். "அவுக ரெண்டு பேரும் இருந்த மனை இதுதான்னு சொல்லித்தான் என்னை வளத்தாக. நான் பிறந்தது ரங்கூன்ல. அங்க எல்லாம் போச்சு. நடந்தே வந்தோம்."

பெரியப்பா அந்தப் பெயர்களை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிறகு, "அப்படி ஆளுக யாரும் இந்தத் தெருவுல இருந்ததே இல்ல. நீ வேற ஊருக்கு வந்துட்ட" என்றார்.

வந்தவர் வாதாடவில்லை. படப்பை ஒரு தடவை சுற்றி வந்தார். பிறகு மூவரும் கண்மாய்க்கரைக்குப் போய், ஒரு கருவேல மரத்தடியில் ஓலை மறைப்புப் போட்டு உட்கார்ந்தார்கள். அன்றிலிருந்து அவர் ரங்கூன்காரர். மற்ற இருவர் ரங்கூன்காரம்மா, ரங்கூன் பிள்ளை.

பேச்சு அன்று சாயங்காலமே ஆரம்பித்துவிட்டது. அம்மை கொண்டுவந்திருப்பார்கள் என்றார் ஒருவர். சப்பான்காரனுக்கு உளவு சொல்ல வந்தவர்கள் என்றார் இன்னொருவர். இல்லை, கதர் கட்டிய பையன்களைக் காட்டிக்கொடுக்கப் போலீஸே வைத்த ஆள் என்றார் மூன்றாமவர். இந்த மூன்றும் ஒரே ஆளாக எப்படி இருக்க முடியும் என்று யாரும் கேட்கவில்லை. "அவ என்ன ஆளு?" என்று பெண்கள் ரங்கூன்காரம்மாவைப் பற்றிக் கிணற்றடியில் குசுகுசுத்தார்கள். அவர் சந்தனம் மாதிரி ஒரு கட்டையைக் கல்லில் உரசி, இரண்டு கன்னத்திலும் வட்டமாகப் பூசிக்கொள்வார். அவர் பர்மாக்காரி; வெயிலுக்குக் குளிர்ச்சி என்று அந்த ஊர்ப் பெண்கள் பூசுவதுதான் அது. எங்களுக்கோ அது பிள்ளைகளை வசியம் பண்ணுகிற மை. அவர் அடுப்பில் புளித்த மீன் வாடை எழும்பினால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவோம். கொஞ்சம் தள்ளிப் போய் நின்று, மறுபடி மோந்து பார்ப்போம்.

"அந்தப் பக்கம் போனன்னு தெரிஞ்சுது, காலை ஒடிச்சிருவேன்" என்று அம்மா சொல்லி வைத்தாள். எனக்கும் என் தம்பிக்கும் சேர்த்துத்தான். தம்பிக்கு நாலு வயது.

நான் போனேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அந்தப் பிள்ளையைக் கடைசி வரிசையில் தனியே உட்கார வைத்திருந்தார். எங்கள் யாருக்கும் அவளிடம் பேச அனுமதி இல்லை. ஆனால் மடைக்குக் கீழே, தெருவிலிருந்து பார்த்தால் தெரியாத ஓர் இடம் உண்டு. அங்கே அவளோடு விளையாடுவேன். தெருவுக்குள் வந்ததும் அவளைத் தெரியாதவள்போல் நடப்பேன். அவளும் என்னை அப்படியே நடத்தினாள். இந்த ஏற்பாட்டை நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. ஒன்பது வயதில் அதெல்லாம் தானாகவே தெரிந்துவிடுகிறது.

அவனியாபுரத்துக்குத் தெற்கே ஏரோப்ளேன் இறங்க மைதானம் போட ஆரம்பித்தது அந்தச் சமயம்தான். லாரிகள் போகும்; செம்மண் புழுதி எங்கள் சோற்றுப் பானை வரைக்கும் வந்து படியும். எங்கள் ஆண்களில் பலர் வேலை கேட்டுப் போய்த் திரும்பி வந்தார்கள். ரங்கூன்காரருக்குக் கிடைத்தது. அவருக்கு இந்துஸ்தானி தெரியும், இங்கிலீஷும் கொஞ்சம் தெரியும். மேஸ்திரிக்கும் வெள்ளைக்காரனுக்கும் நடுவில் பேசுவதற்கு ஆள் வேண்டியிருந்தது. காலையில் ஒரு வெறும் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு போவார். சாயங்காலம் அது பாதி நிறைந்திருக்கும்.

அந்தச் சாக்கைப் பற்றி ஒரு பேச்சு பரவியது. எங்கே முளைத்ததோ தெரியாது. ஆனால் ஒரே வாரத்தில் எல்லோர் வாயிலும் இருந்தது. அம்புட்டுப் பெரிய இரும்புப் பறவை தரையில் இறங்கினால் மண் தாங்காதாம். தாங்க வேண்டுமென்றால் பச்சைப்பிள்ளை தலை புதைக்க வேண்டுமாம். பாலம் கட்டும்போதெல்லாம் இப்படி ஒரு பேச்சு வரும் என்று உங்களுக்கும் தெரியும். இதற்கு எங்கள் தெருவில் ஒரு முகமும் ஒரு சாக்கும் கிடைத்துவிட்டன. அதுதான் வித்தியாசம்.

ஒருநாள் பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். மடியிலிருந்து கருப்பட்டித் துண்டு ஒன்றை எடுத்துக் கையில் வைத்தார். அவர் எனக்கு அப்படித் தந்தது அதுவே முதல் தடவை.

"பாப்பா, நீ அந்தப் பிள்ளையோட மடைப்பக்கம் விளையாடுறது எனக்குத் தெரியும். ஒங்கம்மாகிட்டச் சொல்ல மாட்டேன். அவுக குடிசைக்குள்ள போயி அந்தச் சாக்குல என்ன இருக்குன்னு பாத்துட்டு வந்து சொல்லு. நம்ம தெருவுக்காகத்தான். நீ நம்ம பிள்ளையில்ல?"

நம்ம பிள்ளை. அந்த வார்த்தை எவ்வளவு இனித்தது என்று இப்போது சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். கருப்பட்டியைவிட அதிகமாக இனித்தது. தெருவே என்னை நம்பி ஒரு வேலை கொடுத்திருக்கிறது என்று நெஞ்சு விரிந்தது. ஒரு கூட்டத்தில் நானும் ஓர் ஆள் என்பதை முதன்முதலாக உணர்ந்தது அன்றுதான். பெருமையாக இருந்தது, வேறு எதையும் உணரவில்லை.

அந்தப் பிள்ளையிடம், "ஒங்க வீட்டைக் காட்டேன்" என்றேன். அவள் முகம் மலர்ந்ததை என்னால் மறக்க முடியவில்லை. அதுவரை யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். அவள் அம்மா ஓடை வரைக்கும் விறகு பொறுக்கப் போயிருந்தார். சாக்கு ஓரமாகக் கிடந்தது. நான் அதில் தடுக்கி விழுவதுபோல் விழுந்து, அதன் வாயைத் திறந்து பார்த்துவிட்டேன். தட்டி விரித்த மண்ணெண்ணெய்த் தகரங்கள், பெட்டி உடைத்த பலகைகள், ஒரு துணியில் முடிந்த வளைந்த ஆணிகள். அவ்வளவுதான்.

அதோடு நான் வெளியே வந்திருக்கலாம். ஆனால் அரக்குப் பெட்டி இருந்தது. "இதைத் திறந்து காட்டு" என்றேன். அவள் தயங்கினாள். பிறகு திறந்தாள். உள்ளே ஒன்றுக்குள் ஒன்றாகத் தட்டுகள். மேல்தட்டில் அந்தக் கன்னத்துக் கட்டை. நடுத்தட்டில் இரண்டு வெள்ளிப் பொத்தான்கள். அடித்தட்டில் நீலக் கோடு போட்ட ஒரு சின்னச் சட்டை. என் தம்பிக்குச் சரியாக இருக்கும். சட்டையின் ஓரத்தில் சேறு காய்ந்திருந்தது. துவைக்காமல் மடித்து வைத்திருந்தார்கள்.

"யாருது?" என்றேன். அவள் பெட்டியை மூடிவிட்டாள்.

பெரியப்பாவிடம் சாக்கில் தகரம்தான் இருக்கிறது என்று சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போனது. நான் சரியாக வேலை செய்யவில்லையோ என்று எனக்கு வெட்கமாக இருந்தது. ஆகவே இன்னொன்றையும் சொன்னேன். "ஒரு சின்னப் பையன் சட்டை இருக்கு பெரியப்பா. மண்ணு ஒட்டியிருக்கு. ஒளிச்சு வச்சிருக்காக."

அவர் எழுந்து நின்றுவிட்டார். "அவுகளுக்குப் பொம்பளப் பிள்ளை மட்டுந்தான?" என்றார். என் தலையை மெதுவாகத் தடவினார்.

அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். பள்ளிக்கூடம் இல்லாத ஒரு நாள். தம்பிக்குக் காலையிலிருந்து உடம்பு லேசாகச் சுட்டது. அம்மா அவனைப் பாயில் படுக்க வைத்துவிட்டுக் களத்துக்குப் போனாள். திரும்பி வந்தபோது பாய் மட்டும் இருந்தது.

முதலில் வீடு வீடாகத் தேடினார்கள். பிறகு கிணற்றுக்குள் பாதாளக்கரண்டி போட்டுத் துழாவினார்கள். கண்மாயில் நாலு பேர் இறங்கினார்கள். அம்மா தலைவிரி கோலமாக ஓடிக்கொண்டிருந்தாள். அவள் குரல் போய்விட்டது. யாரும் அதுவரை ரங்கூன்காரர் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் யார் முதலில் சொல்வார்கள் என்று எல்லோரும் காத்திருந்தது எனக்கே தெரிந்தது.

பெரியப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். சுற்றி ஆட்கள்.

"அந்த ஆளு ஒன் தம்பிகிட்டப் பேசுறதை நீ பாத்திருக்கியா, பாப்பா?"

"பாத்திருக்கேன்."

"என்னைக்கு?"

"முந்தாநாளு."

"ஏதாச்சும் குடுத்தானா?"

"பிஸ்கோத்து குடுத்தாரு."

"மயக்க மருந்துடா!" என்று யாரோ கத்தினார்கள்.

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பட்டாளத்துக்காரர்களின் கல் மாதிரியான பிஸ்கோத்து அது. தம்பி கடிக்க முடியாமல் என்னிடம் தந்து, நானும் அதில் பாதியைத் தின்றிருந்தேன். உப்பும் மாவுமாக இருந்தது. எனக்கு ஒரு மயக்கமும் வரவில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். யாரும் கேட்கவில்லை, நானும் இரண்டாம் தடவை சொல்லவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் அவனியாபுரம் வண்டிப்பாதையில் போய் நின்றார்கள். என்னையும் இழுத்துப் போனார்கள்; அம்மாவும் பின்னாலேயே ஓடிவந்தாள். தூரத்தில் அவர் வருவது தெரிந்தது. தோளில் சாக்கு கனத்தது. கூட்டத்தைப் பார்த்ததும் அவர் நடை ஒரு கணம் நின்று, பிறகு தொடர்ந்தது. ஓடியிருந்தால்கூட அடித்திருப்பார்கள். நடந்து வந்ததையும் திமிர் என்றார்கள்.

சாக்கைப் பிடுங்கிக் கொட்டினார்கள். தகரமும் பலகையும் சரிந்தன. ஒரு நிமிஷம் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

"பிள்ளையை எங்கடா?" என்றார் பெரியப்பா.

"எந்தப் பிள்ளைண்ணே? காணலையா? எப்ப இருந்து? வாங்க, நானும் தேடுறேன்" என்றார் அவர். பதற்றமாகத்தான் கேட்டார்.

"தேடுறானாம்! ஒன் வீட்டுல சின்னப் பையன் சட்டை எதுக்குடா இருக்கு? மண்ணு ஒட்டி, ஒளிச்சு வச்சிருக்கியே, அது எந்த வீட்டுப் பிள்ளைது?"

அதைக் கேட்டதும், அதுவரை முன்னால் நீட்டிப் பேசிக்கொண்டிருந்த ரங்கூன்காரரின் கைகள் அப்படியே தொங்கிவிட்டன. தலை குனிந்தது. தலை குனிந்தால் குற்றம் என்றுதான் நம் ஊரில் அர்த்தம். முதல் அடி யார் அடித்தது என்று நான் பார்க்கவில்லை. பலகை ஒன்று எழும்பி இறங்கியதைப் பார்த்தேன், அவர் மணிக்கட்டில் ஏதோ முறிந்த சத்தத்தைக் கேட்டேன். விறகு முறிகிற சத்தம்.

இதற்குள் இரண்டு பேர் குடிசைக்கு ஓடி, அரக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் பின்னாலேயே ரங்கூன்காரம்மா ஓடிவந்தார். பெட்டியைத் தரையில் அடித்தார்கள். தட்டுகள் உருண்டு பிரிந்தன. ஒன்றை யாரோ மிதித்தார்கள். சட்டை புழுதியில் விழுந்தது.

அவர் புருஷனிடம் போகவில்லை. முதலில் குனிந்து சட்டையை எடுத்தார். அதை உதறவில்லை, பழைய மண் போய்விடும் என்று பயந்தாரோ என்னவோ. நெஞ்சில் வைத்துக்கொண்டு, எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்துச் சொன்னார். அவர் தமிழ் எங்களுக்கு அன்றுவரை வேடிக்கை.

"இது என் பையன். நாலு வயசு. நடக்கிற வழி, காடு. மழை. வயிறு போச்சு. நிக்க விடல, பின்னால ஆளு வருது, நடன்னு சொன்னாங்க. மூங்கில் கீழ விட்டோம். கை வச்சுத் தோண்டினோம்."

 பலகை வைத்திருந்தவர் அதைக் கீழே போடவில்லை.

அப்போதுதான் எங்கள் தெருப்பக்கமிருந்து ரங்கூன் பிள்ளை வந்தாள். இடுப்பில் என் தம்பி. தலை முழுக்க வைக்கோல் தூசி. அவன் பாதித் தூக்கத்தில் அழுதுகொண்டிருந்தான். கனத்தால் அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தாள். நேராக என் அம்மாவிடம் போய் அவனைக் கொடுத்தாள்.

"படப்புக்குள்ள இருந்தான். தூங்கிட்டான். சுடுது அவனுக்கு" என்றாள்.

பிறகுதான் தெரிந்தது. அவள் தினமும் அந்தப் படப்புக்குப் பின்னால் போய் உட்காருவாளாம். 'நம்ம இடம்' என்று அவள் அப்பா சொல்லியிருந்ததால். மாடு இழுத்த பொந்து ஒன்று அங்கே இருந்தது. தம்பி அவளோடு ஒளிந்து விளையாடுவது அதற்குள்தான். அவளோடு சேரக்கூடாது என்று நாங்கள் அடித்துச் சொன்னதால்தான் அவன் யாருக்கும் தெரியாமல் அங்கே போயிருக்கிறான். அன்றும் அவளைத் தேடிப் போயிருக்கிறான். அவள் அம்மாவோடு ஓடைக்குப் போய்விட்டதால், காத்திருந்து காய்ச்சலில் தூங்கிவிட்டான். பெரியப்பாவின் வைக்கோலுக்குள்தான் பிள்ளை இருந்தது.

"சரி சரி, பிள்ளை கெடச்சிருச்சுல்ல. கலைங்கப்பா" என்றார் பெரியப்பா. எல்லோரும் கலைந்தார்கள். ஒருவர்கூட ரங்கூன்காரரைத் தூக்கிவிடவில்லை. அம்மா என் தம்பியை அணைத்தபடி நின்று, தரையில் கிடந்தவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவளும் வந்துவிட்டாள். நானும்தான்.

மறுநாள் விடியற்காலை அப்பா மில்லுக்குக் கிளம்பும்போது தூக்குவாளியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றார். அம்மாவிடம் மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது. "அந்தாளு சொன்ன பேரெல்லாம் நெசந்தான். அவரு அப்பாவும் எங்கண்ணனும் ஒண்ணாப் பள்ளிக்கூடம் போனவுக. அப்ப நான் சின்னப் பய, எனக்கும் ஞாபகம் இருக்கு."

"இம்புட்டு நாளு ஏன் சொல்லல?" என்றாள் அம்மா.

அப்பா தூக்குவாளியோடு தெருவில் இறங்கிப் போய்விட்டார். நல்ல மனிதர் அவர். ஒரு நல்ல மனிதர் வாய் திறக்காமல் இருந்தால் எவ்வளவு நடக்கும் என்பதை நான் அவரிடம்தான் பார்த்தேன்.

அம்மா நொச்சி இலையை வதக்கி ஒரு துணியில் கட்டிக்கொண்டு, தெருவின் நடுவிலேயே கண்மாய்க்கரைக்கு நடந்து போனாள். ஒத்தடம் கொடுத்துவிட்டு வந்தாள். வந்தவள் எங்கள் வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டாள். பெரியப்பா அவர் வாசலில் வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டிருந்தார். கணவனின் அண்ணனோடு அம்மா நேருக்கு நேர் பேசியதே கிடையாது.

"பாப்பா, ஒங்க பெரியப்பாகிட்டக் கேளு. இந்தப் படப்பு யாரு மனையில நிக்கிதுன்னு கேளு."

 நான் கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அவர் காதில் விழுந்துவிட்டது.

"ஒங்கம்மாவ வாயைப் பொத்திட்டு உள்ள போகச் சொல்லு."

"இன்னைக்குப் பொழுது ஏறுறதுக்குள்ள பதிலு வரணும்னு சொல்லு. வரலைன்னா நானே பிரிக்கப் போறேன்னு சொல்லு."

பதில் வரவில்லை. அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு படப்பில் கை வைத்தாள். முதல் கட்டு, இரண்டாவது கட்டு. உள்வைக்கோலின் புழுங்கிய வாடை தெரு முழுக்க எழுந்தது. தெருக் கதவுகளெல்லாம் பாதி திறந்திருந்தன. ரொம்ப நேரம் அவள் ஒருத்திதான். பிறகு கடைசி வீட்டு அக்கா வந்தார். அவர் புருஷன்தான் அந்தப் பலகையைப் பிடித்திருந்தவர். அப்புறம் இன்னும் இருவர். மத்தியானத்துக்குள் பெரியம்மாவே கயிற்றை எடுத்துக்கொண்டு வந்து, புருஷன் முகத்தைப் பார்க்காமல் வைக்கோலைக் கட்ட ஆரம்பித்தார். பெரியப்பா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அம்மா போய் ரங்கூன்காரரிடம் சொன்னாள், "மனை காலியாருக்குண்ணே. வந்து இருங்க."

"யாரு வரச் சொன்னா?" என்று கேட்டார் அவர்.

"நான்தேன் சொல்றேன்."

"நீங்க மட்டுமா?"

 அம்மா திரும்பி வந்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து, வண்டிப்பாதையில் சிதறிக் கிடந்த தகரங்களையும் பலகைகளையும் என் அப்பாவும் இன்னும் மூன்று பேரும் பொறுக்கி, தலைச்சுமையாகக் கொண்டுவந்து மனையில் அடுக்கினார்கள். ஆணிகளைக்கூடத் தேடி எடுத்து வந்தார்கள். அதற்குப் பிறகுதான் அவர் வந்தார். ஒற்றைக் கையால் அளந்து குச்சி நட்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் அதைத் தயக்கமில்லாமல் பிள்ளைகளிடம் சொல்லிவிடுவேன். தெரு திருந்தியது, அவர்களும் நம்மவர்கள் ஆனார்கள் என்று. அப்படி நடக்கவில்லை. நாங்கள் அவர்களைச் சந்தேகப்படுவதை நிறுத்தினோம். அவர்கள் எங்களைச் சந்தேகப்பட ஆரம்பித்தார்கள்.

அவர் அதற்குப் பிறகு சாக்கு எடுத்துப் போனதே இல்லை. எதைக் கொண்டுவந்தாலும் வெளியே தெரியும்படி கயிற்றில் கட்டி, கையில் தூக்கிப் பிடித்துக் காட்டிக்கொண்டே தெருவுக்குள் வருவார். ரங்கூன்காரம்மா, எந்தப் பிள்ளை அவர் வாசலில் கால் வைத்தாலும் கையைப் பிடித்துக் கூட்டிப் போய் அவரவர் வீட்டில் விடுவார். நாலு பேர் காதில் விழும்படி, "உங்க பிள்ளை. வந்தான். குடுத்தாச்சு. பாத்துக்கங்க" என்பார். என் தம்பியை அப்படி எத்தனையோ தடவை கொண்டுவந்து விட்டிருக்கிறார். அவர் சொல்லும்போதெல்லாம் அம்மா கண்ணைத் தாழ்த்திக்கொள்வாள். "இங்கனயே இருக்கட்டும்க்கா" என்பாள். அவர் கேட்க மாட்டார். வீட்டுக்குத் தகரக் கூரை ஏறியது, எங்கள் கிணற்றில் வாளி போட்டார்கள், கோயில் பொங்கலுக்கு அவர்கள் வீட்டு அரிசியும் வாங்கப்பட்டது. ஆனாலும் பொழுது சாய்ந்தால் அந்த வீட்டுக் கதவுதான் முதலில் தாழ்ப்பாள் விழும்.

மறு வருஷம் ரங்கூன்காரம்மாவுக்கு ஓர் ஆண்பிள்ளை பிறந்தது. பிறந்த பிள்ளையின் நாக்கில் சீனித்தண்ணி தொட்டு வைப்பதற்கு எங்கள் பக்கம் சேனை என்று பேர். யார் வைக்கிறார்களோ அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்று நல்ல ஆளாகப் பார்த்து வைக்கச் சொல்வார்கள். வாசலில் பெண்கள் கூடி நின்றோம். கதவு திறக்கவே இல்லை. பிறகு ரங்கூன்காரர் ஒரு பக்கக் கதவை மட்டும் திறந்து, கூட்டத்தைக் கண்ணால் துழாவி, என் அம்மாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அம்மா உள்ளே போனதும் கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

நான் வாசலிலேயே நின்றிருந்தேன். அன்றுதான், இதற்குமேல் தாங்காது, ரங்கூன் பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும் என்று முடிவுசெய்தேன்.

மூன்றாம் நாள் அவளும் நானும் கண்மாயில் தீட்டுத் துணிகளை அலசிக்கொண்டிருந்தோம். அவள் அம்மாவின் சேலையை ஆளுக்கொரு முனை பிடித்து முறுக்கினோம். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அந்தச் சட்டையைப் பத்தி எங்க பெரியப்பாகிட்டச் சொன்னது நான்தான்."

அவள் முறுக்குவதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றாள்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. எங்க வீட்டுக்குள்ள வந்தது நீ ஒருத்திதான்."

என் கையிலிருந்து சேலை நழுவியது. அது சேற்றில் விழாமல் அவள் எட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டாள். என் முனையைத் திரும்ப என் கையில் திணித்தாள்.

"எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிராத" என்றாள். "நல்லா முறுக்கு. இன்னும் தண்ணி இருக்கு."